பேஸ்பால் ஸ்கோர் ஷீட் எழுத உட்காரும் முன்: காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

மகன் பள்ளியின் பேஸ்பால் அணியில் சேர்ந்த இரண்டாவது மாதமே பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க கடையில கணக்கு எழுதுறவங்கதானே, ஸ்கோரும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். கிரிக்கெட் தெரியும், கணக்கு தெரியும், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்தபோது என் தாளில் எங்கள் பிள்ளைகளுக்கு 8 ரன், எதிரணிக்கு 7. எதிரணியின் தாளிலோ 7-7. அம்பயர் வந்து பார்த்து அவர்கள் எழுதியதுதான் சரி என்றார். கூடுதல் இன்னிங்ஸ் ஆடி எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பியது இன்னும் மனதில் நிற்கிறது. அந்த எட்டாவது ரன் ஏன் ரன் இல்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் என்னைப் போல திடீரென்று ஸ்கோர் எழுத உட்காரப் போகிற பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் இது. வரிசையாகப் படியுங்கள். விதி புரியாமல் ஸ்கோர் எழுத முடியாது.

1. மைதானத்தை ஆத்தங்குடிக் கல்லில் பாருங்கள்

தரையில் ஒரு சதுரக் கல்லின் மூலை உங்களைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். உங்கள் பக்கத்து மூலை ஹோம் பிளேட். வலது மூலை முதல் பேஸ், எதிர் மூலை இரண்டாம் பேஸ், இடது மூலை மூன்றாம் பேஸ். பெரியவர்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 90 அடி. பந்து வீசுகிற பிட்சர் நிற்கும் பலகை ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலம். சிறுவர் பிரிவுகளில் இந்த அளவுகள் குறையும்.

ஹோம் பிளேட்டிலிருந்து வலது மூலை வழியாகவும் இடது மூலை வழியாகவும் போகிற இரண்டு கோடுகளுக்கு உள்ளே விழுவது ஃபேர், வெளியே போவது ஃபவுல். கோட்டின் மேலேயே விழுந்தால் அதுவும் ஃபேர்தான்.

அம்மா வீட்டு வளவில் நானும் மகனும் புளியங்கொட்டைகளை ரன்னர்களாக, அதாவது பேஸுக்குப் பேஸ் ஓடுகிறவர்களாக, வைத்து நகர்த்திப் பழகினோம். ஒருவர் ஆட்டத்தைச் சொல்ல, மற்றவர் கொட்டையை நகர்த்த வேண்டும். இரண்டு நாள் இப்படிப் பழகினால் எந்த ரன்னர் எங்கே நிற்கிறார் என்பது தாளைப் பார்க்காமலே மனதில் நிற்கும். வீடியோ பார்த்து எனக்கு இது வரவில்லை, கொட்டை நகர்த்தித்தான் வந்தது.

2. கிரிக்கெட் பழக்கம் எங்கே இடறும்

மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால்தான் ஒரு ரன். ஃபேராக அடித்தால் ஓடியே ஆக வேண்டும். "வேண்டாம், அடுத்த பந்தில் பார்க்கலாம்" என்று நிற்க முடியாது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். முதல் பேஸைத் தொட்டுவிட்டுத் தாண்டி ஓடலாம், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் அப்படி இல்லை. கால் பேஸிலிருந்து விலகியிருக்கும்போது பந்தால் தொட்டால் அவுட். ஃபவுலாகப் போன பந்தையும் தரையில் படாமல் பிடித்தால் அவுட்.

ஒரு அணிக்கு 9 பேர், ஓர் இன்னிங்ஸில் அணிக்கு ஒரு பாதி, ஒரு பாதியில் 3 அவுட், அதோடு மற்ற அணி ஆட வரும். முழு ஆட்டம் 9 இன்னிங்ஸ். பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் 7 அல்லது அதற்கும் குறைவு. பேட்டிங் வரிசை இன்னிங்ஸ் மாறினாலும் தொடரும். போன தடவை கடைசியாக ஆடியவருக்கு அடுத்தவர்தான் இப்போது முதலில் வருவார். இன்னொன்று: மாற்று ஆள் இறங்கிவிட்டால் வெளியே போனவர் பொதுவிதிப்படி அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

உங்கள் பள்ளியில் ஆடுவது சாஃப்ட்பால் என்றால் பேஸ் தூரம் 60 அடி, ஆட்டம் 7 இன்னிங்ஸ், பந்தைக் கையைக் கீழாகச் சுழற்றித்தான் வீச வேண்டும். தொடக்கத்தில் ஆடியவர் ஒரு முறை வெளியே போய்த் திரும்ப வரலாம். ஸ்கோர் எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றே.

3. நாலு பால், மூணு ஸ்டிரைக்

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை உள்ள இடம்தான் ஸ்டிரைக் எல்லை. பந்து அதற்குள் வந்து அடிக்காமல் விட்டாலும் ஸ்டிரைக். எங்கே வந்தாலும் சரி, சுழற்றித் தவறவிட்டால் ஸ்டிரைக். எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் சுழற்றாமல் விட்டால் பால். நாலு பால் ஆனால் முதல் பேஸ் இலவசம். மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட்.

ஃபவுல் அடித்தாலும் ஸ்டிரைக்தான், ஆனால் இரண்டு ஸ்டிரைக் வரைக்கும்தான். அதற்குப் பிறகு எத்தனை ஃபவுல் போனாலும் எண்ணிக்கை ஏறாது. பண்ட் செய்து, அதாவது மட்டையைச் சுழற்றாமல் நீட்டித் தட்டி, ஃபவுல் ஆனால் மட்டும் அது மூன்றாவது ஸ்டிரைக்.

மூன்றாவது ஸ்டிரைக்கை, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கிற கேட்சர் பிடிக்காமல் தரையில் விட்டுவிட்டார் என்று வையுங்கள். முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். பந்து வருமுன் முதல் பேஸுக்குப் போய்விட்டால் அவுட் இல்லை. ஆனால் தாளில் ஸ்டிரைக் அவுட் என்றுதான் எழுத வேண்டும், பிட்சர் கணக்கிலும் ஏறும். ஒரே பாதியில் நாலு ஸ்டிரைக் அவுட் வருவது இப்படித்தான். பயந்து அழித்துவிடாதீர்கள்.

4. அவுட்: தொட வேண்டுமா, பேஸை மிதித்தால் போதுமா

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வாக்குவாதம் இதில்தான்.

பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடி வருகிறார். அங்கே ஏற்கெனவே ஒரு ரன்னர் நிற்கிறார். ஒரு பேஸில் இருவர் நிற்க முடியாது, ஆகவே பழைய ரன்னர் இடத்தைக் காலி செய்து இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும். இப்படித் தள்ளப்படுகிறவரை அவுட் ஆக்க அவரைத் தொட வேண்டியதில்லை. பந்தோடு அவர் போக வேண்டிய பேஸை மிதித்தால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட்.

பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை என்றால் அவரைப் பந்தால் தொட்டே ஆக வேண்டும். முதல் பேஸ் காலி, இரண்டாம் பேஸில் ஒருவர் இருந்தால் அவரை யாரும் தள்ளவில்லை. ஒரு நுணுக்கம்: பின்னால் வருகிறவர் முதலில் அவுட் ஆகிவிட்டால் முன்னால் போகிறவர் மேல் இருந்த தள்ளல் அந்த நொடியே போய்விடும். பிறகு அவரைத் தொட வேண்டும்.

உயரத் தூக்கி அடித்த பந்தைப் பிடித்துவிட்டால் ரன்னர்கள் தங்கள் பேஸைத் தொட்டபடி இருந்து, பந்து கையில் பட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். முன்பே கிளம்பியவர் திரும்பி வருவதற்குள் பந்து அந்த பேஸுக்கு வந்தால் அவர் அவுட்.

இன்ஃபீல்டு ஃபிளை என்று அம்பயர் கத்தினால் குழம்பாதீர்கள். முதல், இரண்டாம் பேஸில் ஆட்கள் இருந்து (மூன்றிலும் இருக்கலாம்), இரண்டு அவுட் ஆகாத நிலையில், பேஸ்களை ஒட்டி நிற்கும் உள்வட்ட ஆள் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடிய ஃபேரான உயரப் பந்து என்றால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கும் தந்திரத்தைத் தடுக்க வந்த விதி.

5. கையில் இருக்க வேண்டிய தாள்களும் செலவும்

முதலில் போட்டி விதித் தாள். எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ரன் முன்னிலை என்றால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், சமன் ஆனால் என்ன, நேர வரம்பு உண்டா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். பேச்சில் கேட்டுக்கொண்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வயதுச் சான்றுகள் பள்ளி பார்த்துக்கொள்ளும் விஷயம்தான், ஆனாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களை ஒரே கவரில் போட்டு பி.டி. சாரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். காலையில் ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது.

அடுத்து ஸ்கோர் ஷீட். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாய்சதுரம் அச்சிட்டதாகப் பார்த்து எடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு ஒன்றாக இரண்டு தாள், கூடுதலாக இரண்டு. நகலுக்குச் சில்லறைக் காசுதான் ஆகும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் தன் விதிப் புத்தகத்தை இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் வரும், முழுவதும் அச்செடுத்துக் காசை விரயம் செய்ய வேண்டாம். ஸ்கோரருக்கான ஒன்பதாவது பகுதியையும் சொல் விளக்கப் பகுதியையும் மட்டும் எடுங்கள்.

இரண்டு பென்சில், நல்ல ரப்பர், பரீட்சை அட்டை. பேனா வேண்டவே வேண்டாம். பந்து வீச்சை எண்ண, ஜபம் எண்ணுகிற விரல் கவுண்டர் நன்றாக உதவுகிறது. பூஜைச் சாமான் கடையில் நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். பந்து எண்ணிக்கையை அலட்சியமாக நினைக்காதீர்கள். வளர்கிற பிள்ளையின் தோளும் முழங்கையும் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் விதியில் 11-12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, 13 முதல் 16 வரை 95. உங்கள் போட்டியில் வரம்பு எழுதவில்லை என்றாலும் இந்த எண்ணை நெருங்கும்போது பி.டி. சாரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்.

6. ஆட்டத்துக்கு முந்தைய அரை மணி

எங்கள் வெயிலில் ஆட்டம் காலையிலேயே தொடங்கிவிடும். ஆட்டம் ஏழரைக்கு என்றால் ஏழு மணிக்கு இடம் பிடித்துவிடுங்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம், நிழலில். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பாலா ஸ்டிரைக்கா தெரியாது.

இரண்டு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலையும் வாங்கி வரிசை, பெயர், சட்டை எண், நிற்கும் இடம் நான்கையும் எழுதுங்கள். பிறகு எதிரணி ஸ்கோரரிடம் போய் உட்கார்ந்து இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். சட்டை எண் மாறியிருப்பது சர்வசாதாரணம். மாற்று ஆட்கள் பட்டியலையும் கீழே எழுதிவையுங்கள். ஹோம் அணி எப்போதும் இரண்டாவதாக ஆடும்.

7. எண்களும் எழுத்துகளும்

நிற்கும் இடங்களுக்கு எண் உண்டு. சட்டை எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட் ஸ்டாப் 6, இடது வெளிக்களம் 7, நடு 8, வலது 9. எல்லோரும் தடுமாறுவது 5, 6-இல்தான். ஷார்ட் ஸ்டாப் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பார், ஆனால் எண் 6.

தரையில் உருண்டதை ஷார்ட் ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3. நடு வெளிக்களத்தில் கேட்ச் என்றால் எஃப்8 (F8). சுழற்றித் தவறவிட்ட ஸ்டிரைக் அவுட்டுக்கு ஆங்கில கே, சுழற்றாமல் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் அதே கே-யைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட வேண்டும். நாலு பாலுக்கு பிபி (BB), பந்து உடம்பில் பட்டால் எச்பிபி (HBP), ஷார்ட் ஸ்டாப் பிழைக்கு இ6 (E6), பேஸ் திருடினால், அதாவது அடி விழாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டால், எஸ்பி (SB). ரன்னர் நகர நகர சாய்சதுரத்தின் பக்கங்களைக் கோடு போடுங்கள். ரன் எடுத்தால் உள்ளே முழுதாக நிரப்புங்கள். அவுட் ஆனால் அது எத்தனையாவது அவுட் என்று எழுதி வட்டமிடுங்கள்.

8. ஒரு பாதியை எழுதிப் பார்ப்போம்

முதல் பேட்டர் நாலு பாலில் முதல் பேஸுக்குப் போகிறார். கட்டத்தில் பிபி, முதல் பக்கம் கோடு.

இரண்டாமவர் ஷார்ட் ஸ்டாப்புக்கு உருட்டுகிறார். ஷார்ட் ஸ்டாப் பந்தை இரண்டாம் பேஸ்காரருக்கு எறிகிறார், அவர் பேஸை மிதிக்கிறார், முன்னால் போனவர் அவுட். அடித்தவர் முதல் பேஸில் பத்திரம். 6-4 என்பதையும் அவுட் 1 என்ற வட்டத்தையும் முதல் பேட்டர் கட்டத்தில் எழுத வேண்டும். அடித்தவர் கட்டத்தில் ஃபீல்டரின் தேர்வு என்பதற்கு எஃப்சி. புதியவர்கள் அவுட்டை அடித்தவர் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அங்கேயே தாள் குழம்பிவிடும்.

மூன்றாமவர் வலது பக்கம் நல்ல அடி, முதல் பேஸ். முன்னால் இருந்தவர் மூன்றாம் பேஸ் வரை போகிறார். நாலாமவர் நடு வெளிக்களத்துக்குத் தூக்குகிறார், கேட்ச். எஃப்8, அவுட் 2. மூன்றாம் பேஸில் இருந்தவர் கேட்ச் ஆகும்வரை காத்திருந்து ஓடி வந்து ரன் எடுக்கிறார். இரண்டாமவர் கட்டத்துச் சாய்சதுரத்தை நிரப்புங்கள். நாலாமவருக்கு எஃப்8 பக்கத்தில் எஸ்எஃப், அதாவது தியாக அடி. ஐந்தாமவர் சுழற்றித் தவறவிட்டு அவுட் 3. கட்டத்தில் கே.

அடுத்த பாதியைத் தொடங்கும் முன் ஐந்தாமவர் கட்டத்தின் கீழ் மூலையில் ஒரு சாய்கோடு போடுங்கள். அடுத்த இன்னிங்ஸ் யாரிடம் தொடங்கும் என்று இல்லாவிட்டால் தெரியாது.

9. ஹிட்டா, எரரா

பேட்டர் தன் அடியால் பேஸுக்குப் போனாரா (ஹிட்), ஃபீல்டரின் பிழையால் போனாரா (எரர்) என்பது ஸ்கோரரின் தீர்ப்பு. சாதாரண முயற்சியில் அவுட் ஆக்கியிருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் எரர். பாய்ந்து விழுந்து பிடிக்கப் பார்த்துத் தவறினால் அது ஹிட்டுதான். சொந்தப் பிள்ளையின் அடி என்றால் மனம் ஹிட் என்றுதான் சொல்லும். அந்த நேரத்தில் அடித்தது யார் என்பதை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் பாருங்கள்.

பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை பேட்டிங் முறைகளால், அதாவது பேட்டர் ஆட வந்த தடவைகளால், வகுப்பது. நாலு பால், உடம்பில் பட்டது, தியாக அடிகள் இந்த முறைகளில் சேராது. எரரில் போனதும் எஃப்சியும் சேரும், ஆனால் ஹிட் கிடையாது.

10. அந்த எட்டாவது ரன்

இரண்டு அவுட். எங்கள் பிள்ளை மூன்றாம் பேஸில். பேட்டர் ஷார்ட் ஸ்டாப்புக்கு உருட்டினான். மூன்றாம் பேஸில் இருந்தவன் பறந்து வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டான். அதற்குப் பிறகுதான் பந்து முதல் பேஸுக்குப் போய்ப் பேட்டர் அவுட் ஆனான். முதலில் தொட்டதைக் கண்ணால் பார்த்தேன், ரன் எழுதினேன்.

விதி வேறு. மூன்றாவது அவுட், பேட்டர் முதல் பேஸைத் தொடுமுன் ஆனதாக இருந்தாலோ, ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தாலோ, அதற்குள் யார் ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. மூன்றாவது அவுட் இந்த இரண்டிலும் சேராமல், வேறு ரன்னரைப் பந்தால் தொட்டது போல ஆனதென்றால்தான் யார் முந்தினார் என்று பார்க்க வேண்டும். அப்போது முந்தித் தொட்டிருந்தால் ரன் உண்டு. இரண்டு அவுட் ஆனதும் தாள் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். இந்த விதி நினைவுக்கு வரும்.

11. ஐந்தொகை போடுங்கள்

தோற்ற வாரம் தாளைக் கடைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெரிய கணக்கப்பிள்ளை அய்யா வாழ்நாளில் பேஸ்பால் பார்த்ததில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, மட்டையைத் தூக்கிட்டு வந்தவன் எத்தனை பேரு? அவன் ஒவ்வொருத்தனும் எங்க போயி முடிஞ்சான்? அதைச் சொல்லு" என்றார்.

அவர் கேட்டதுதான் விதிப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆட வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும்: ரன் எடுத்தார், பேஸில் மிஞ்சினார், அவுட் ஆனார். ஆகவே பேட்டிங் முறைகள், நாலு பால், உடம்பில் பட்டவை, தியாக அடிகள், எதிரணி குறுக்கிட்டதால் முதல் பேஸ் கிடைத்தவை இவற்றின் கூட்டுத்தொகை, ரன், மிஞ்சியவர், எதிரணி எடுத்த அவுட் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். மேலே எழுதிய பாதியைப் பாருங்கள். பேட்டிங் முறை 3, நாலு பால் 1, தியாக அடி 1, ஆக 5. மறுபக்கம் ரன் 1, மிஞ்சியவர் 1, அவுட் 3, ஆக 5. சரியாக நிற்கிறது.

ஒவ்வொரு பாதி முடிந்ததும் இதைப் போடுங்கள். அரை நிமிடம் ஆகாது. இடறும் இடம் ஒன்று: மூன்றாவது அவுட் முன்னால் போன ரன்னர் என்றால், அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் போனவரையும் மிஞ்சியவராக எண்ண வேண்டும். நான் நாலு ஆட்டம் இதை விட்டுவிட்டு ஒன்று குறைகிறதே என்று தேடினேன்.

ஆனால் என் எட்டாவது ரன்னை இந்த ஐந்தொகை காட்டிக்கொடுத்திருக்காது. மிஞ்சியவர் என்று எழுத வேண்டியவனை ரன் என்று எழுதினேன். மொத்தம் மாறவில்லை. "தலைப்பு மாத்தி எழுதுன தொகை ஐந்தொகையில மாட்டாது ஆத்தா, சிட்டையில எழுதுறப்பவே பாத்துக்கணும்" என்றார் அய்யா. அதனால் இரண்டு அவுட்டில் ரன் வந்தால் அடுத்த பந்துக்கு முன்பே எதிரணி ஸ்கோரரைப் பார்த்து "ரன் உண்டா?" என்று கேளுங்கள். இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பாதி முடிந்த உடனே பி.டி. சார் மூலம் அம்பயரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு கேட்பது பிள்ளைகளை அழவைக்கும்.

12. முடிந்ததும், பிறகும்

ஹோம் அணி கடைசி இன்னிங்ஸில் முன்னிலையில் இருந்தால் ஆட இறங்காது. அந்தக் கட்டங்களில் பெருக்கல் குறி போடுங்கள், காலியாக விடாதீர்கள். இரு ஸ்கோரர்களும் மொத்தத்தை ஒப்பிட்டுக் கையெழுத்து, அம்பயர் கையெழுத்து, பிறகு தாளைப் போனில் படம். வியர்வையில் பென்சில் எழுத்து மங்கிவிடும், வீட்டுக்குப் போய் எடுக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பழக வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேஜர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. அங்கே கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்குவது நமக்கு விடிகாலை நாலரை. மேற்குக் கரை ஆட்டம் காலை ஏழரைக்கு வரும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியபடியே முதல் மூன்று இன்னிங்ஸ் எழுதிவிடலாம். ஜப்பான் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே மாலை ஆறு மணிக்கு, நமக்குப் பகல் இரண்டரை. முழு ஆட்டமும் எழுத முயலாதீர்கள். மூன்று இன்னிங்ஸ் எழுதி, மேஜர் லீக் தளத்தில் இலவசமாக வரும் பந்துக்குப் பந்து விவரத்தோடு ஒப்பிட்டு, தவறிய கட்டத்தைச் சிவப்பில் திருத்துங்கள். எனக்கு ஆறு காலை வேளைகள் ஆயின. ஏழாவது நாள் ஒரு கட்டம்கூடச் சிவப்பாகவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நானே பி.டி. சாரிடம் போய் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.